குவாரண்டேனா என்றால் எத்தனை நாள்

அமீரகத்தின் புஜைரா துறைமுக வாசலில் டாக்ஸிக்காக நிற்கிறேன். பக்கத்தில் ஒருவர் போனைக் காதோடு அழுத்தியபடி கெஞ்சுகிறார். எண்ணெய்க் கிடங்கில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர், பெயர் செல்வராஜ். என்னவென்று கேட்கிறேன்.

"என் தம்பி அந்தா தெரியுற கப்பல்ல நிக்கான் சார். அங்க ஒருத்தனுக்கு அம்மை. இத்தாலிக்கார கேப்டன் நாப்பது நாளைக்கு யாரும் எறங்கக்கூடாதுன்னுட்டாராம். முப்பது நாள்ல இவனுக்குக் கல்யாணம். சட்டையக் கழத்திட்டான், கடல்ல குதிச்சு நீந்தி வாரேங்கான்!"

கப்பல் தொடுவானத்தில் ஒரு கோடாகத் தெரிகிறது. போனை வாங்குகிறேன்.

"கேப்டன் என்ன வார்த்தை சொன்னார்?"

"குவாரண்டேனா. அவர் பாஷையில குவாரண்டான்னா நாப்பது. எனக்குத் தெரியும்."

"நாப்பது நாள் கப்பலை நிறுத்தினது அந்தக் காலம், தம்பி. இங்கிலீஷ் குவாரண்டைனும் அதிலேர்ந்து வந்ததுதான். இப்ப ரெண்டு பாஷையிலயும் தனியா வைக்கிறதுன்னுதான் அர்த்தம். எத்தனை நாள்னு அவரையே கேளுங்க."

கேட்க ஓடும் காலடிச் சத்தம். பிறகு காற்று மட்டும் இரைகிறது. செல்வராஜ் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"இருபத்தோரு நாள்தானாம் சார்," என்கிறது தம்பியின் குரல். "சட்டையைப் போட்டுட்டேன்னு அண்ணன்ட்ட சொல்லுங்க."