டாக்டர் வெர்லீன் கட்டிய பட்டை

டாக்டர் வெர்லீன் டாலிவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரின் கழுத்தில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, முழி பிதுங்கும்வரை காற்றடித்தாளாம். அமெரிக்காவின் மெம்ஃபிஸில் எங்கள் கறுப்பர் பக்கம் முழுக்க இதே பேச்சு. தேவாலயத்தில் பாட்டு நடக்கும்போதுகூட விசிறிக்குப் பின்னால் இதைத்தான் குசுகுசுத்தார்கள். நடந்தது வேறு. அதைக் கேளுங்கள்.

வெர்லீனின் அம்மா ஐம்பத்திரண்டு வயதில் பக்கவாதத்தில் போய்ச் சேர்ந்தாள். "உப்பு ஜாஸ்தி" என்று வைத்தியர் கையை உதறிவிட்டார். அம்மா சமைக்கப் போன வெள்ளைக்கார வீட்டிலும் அதே பன்றிக்கறி, அதே உப்பு. அந்த வீட்டம்மாளோ தொண்ணூறு தாண்டியும் தோட்டத்தில் ரோஜா வெட்டிக்கொண்டிருந்தாள். அது எப்படி? இந்தக் கேள்வி அரித்து அரித்தே வெர்லீன் ரத்த அழுத்தத்தை ஆராயும் பேராசிரியை ஆனாள்.

பல்கலைக்கழகத்தில் அறை இருந்தும், அவள் ஆய்வு நடந்தது மிஸ் ஒபீலியாவின் முடி அலங்காரக் கடையில். தலை உலர்த்தும் கூண்டுக்குள் முக்கால் மணி நேரம் எந்தப் பெண்ணும் அசைய மாட்டாள், வாயைத் தவிர.

ஒரு வியாழக்கிழமை கூண்டுக்குள் ரொஷெல், கையில் வெர்லீன் கட்டிய தானியங்கிப் பட்டை. அழுத்தம் நூற்று இருபத்தாறு. அப்போது பள்ளியிலிருந்து போன். அவள் மகள் ஜனையா வகுப்பில் சத்தமாகச் சிரித்தாளாம். மூன்று நாள் வரக்கூடாதாம். மறுநாள்தான் அறிவியல் சிறப்பு வகுப்புக்கான தேர்வு. விட்டால் போனதுதான்.

நூற்று நாற்பத்தெட்டு. போனை வைத்ததும் இறங்கும் என்று வெர்லீன் பார்த்திருந்தாள். "ஸ்கூலுக்கு எதப் போட்டுக்கிட்டுப் போய்ப் பேசுறது?" என்று ரொஷெல் முனகியபோது நூற்று எழுபத்தொன்று!

"இப்படியே கெளம்ப வேண்டியதுதானேடி?"

"பாதித் தலையோடவா? ரொம்பப் படிச்சு மறந்துட்டீங்க டாக்டரம்மா. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போற மாதிரி போனாத்தான் நம்ம பேச்சு காதுல ஏறும்."

மிஸ் ஒபீலியா சீப்பை ஆட்டினாள். "அந்தச் செவப்புத் தொப்பி வேணாம்டி. சண்டைக்கு வந்தாள்னு எழுதிருவாங்க."

திட்டு வாங்குவதைவிட, அதற்குத் தயாராவதுதான் உடம்பைத் தின்கிறதோ? வெர்லீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நானும் வர்றேன். பட்டையக் கழட்டாத."

தலைமையாசிரியர் எதிரே உட்கார்ந்தபோது பட்டை உர்ரென்று உப்பியது. நூற்று எழுபத்தெட்டு. "என்னம்மா அது?" என்றார். வெர்லீன் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வந்தா யாருக்கும் ஏறத்தான் செய்யும். எனக்கும் பாருங்க" என்று சிரித்தபடி கையை நீட்டினார்.

வெர்லீன் பட்டையை அவர் கைக்கு மாற்றிக் கட்டினாள். நூற்றுப் பதினாறு. தூங்குகிற ஆளுக்கு வரும் எண்.

"வகுப்புல எத்தன பேரு சிரிச்சாங்க?" என்று கேட்டாள் வெர்லீன்.

"ஒரு நாலு பேரு."

"வீட்டுக்கு அனுப்புனது?"

"ஜனையாவ."

"மத்த மூணும் வெள்ளப் பிள்ளைங்களா?"

வெர்லீன் மறுபடி பொத்தானை அமுக்கினாள். நூற்று நாற்பத்தொன்பது. ரொஷெல் எட்டிப் பார்த்தாள். தலைமையாசிரியரும் பார்த்தார்.

"நாளைக்குப் பரீட்சைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாரம் கடையில் மிஸ் ஒபீலியா கண்ணடித்தாள். "கழுத்த நெறிச்சீங்களாமே, டாக்டரம்மா?"

"கையிலதான் கட்டுனேன். அதுவும் அவரா நீட்டுன கை. கழுத்துல கட்டுனா நம்பரே வராது."