பாவா, பஸ்ஸை நிறுத்து!

போன வாரம் ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் இருந்த பெண்ணைச் சாப்பிட விடாமல் ஆள் ஆளுக்கு செல்ஃபி எடுத்தார்கள். யார் இவர்? சீரியல் நடிகையா?

இல்லை. பெயர் புவனா. விசைத்தறி ஓட்டுகிறார். ஆண்ட கட்சியும் வேண்டாம், ஆளும் கட்சியும் வேண்டாம் என்று கிளம்பிய ஒரு புதுக் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர்.

அந்தக் கட்சிக்கு டிவி சேனல் கிடையாது, மேடை போட வசதி கிடையாது. இருப்பது செல்போன்தான். தலைமை தினமும் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புமாம். 'கோபமாகப் படிக்கவும்' என்று குறிப்பு வேறு!

"நானும் பல்லக் கடிச்சுகினு லைவ்ல படிச்சேங்க. பாத்தது யாரு? எங்க வூட்டுக்காரரும் அவரு தம்பியும்தான்" என்றார் புவனா.

அவர் தெருமுனையில் பஸ் ஸ்டாப் உண்டு. காலை பஸ்தான் நிற்காது. திருத்தணிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவார்கள். மனு கொடுத்தார்கள்... ம்ஹூம்.

ஒரு நாள் லைவைப் போட்டுக்கொண்டே ஸ்டாப்பில் நின்றார் புவனா. பஸ் வழக்கம்போலப் பறந்தது. புவனா துரத்தினார். பின்னாலேயே மொத்தப் பெண்களும்! ஒருத்தியின் செருப்பு கழன்று சாக்கடையில் விழ, நடுரோட்டிலேயே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்சி வசனமா? மறந்தே போனது.

"பாவா... எங்களையும் இட்டுகினு போ பாவா!" என்று கத்தினார் புவனா. பாவா என்றால் தெலுங்கில் அத்தான். எல்லையோர ஊர், கேட்கவா வேண்டும்? வீடியோ ஆந்திராவின் நகரி வரை ஓடியது. இரண்டு மொழியிலும் கமெண்ட்டுகள் குவிந்தன. தலைமையிலிருந்து மட்டும் போன் — "மேடம், கோபம் பத்தலையே?"

மறுநாள் காலை பஸ் நின்றது! டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யம்மா, 'யாருய்யா உன்ன பாவான்னு கூப்ட்டது'ன்னு எம்பொண்டாட்டி சோறு போட மாட்டேன்றா. நான் நிறுத்தறதையும் லைவ்ல போடு. அண்ணான்னு கூப்புடு!"

"ஆங், கூப்புடறேன்ணா. மொதல்ல ஏறிக்கறோம்!"

அன்றிலிருந்து தினமும் நிற்கிறது.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கோஷம் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. ஊரே கூடிச் சிரித்தால்தான் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

பாயசம் வந்தபோது, ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "ஏம்மா, எங்க லைவ யாருமே பாக்கறதில்ல. என்னா பண்ணலாம்?"

புவனா நிமிராமலே சொன்னார்: "கார வுட்டு எறங்குங்கண்ணா!"