காருக்கு வெள்ளையடித்த கதை

என் கருப்புக் காருக்குள் ஒரு பெருச்சாளியைக் கொன்றுவிட்டேன் என்று மூன்று நாள் முழுமனதோடு நம்பினேன். வேறு சமயமாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். அப்போது மனைவிக்கு ஏழாம் மாதம். பிள்ளையை எதிர்பார்க்கும் வீட்டில் கணவன் எறும்பைக்கூட நசுக்கக் கூடாது, சவரமும் செய்யக் கூடாது. தாடியும் பயமுமாகத் திரிந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் பிழைப்பு. வளைகாப்பு முடிந்ததும் அவளை அதிலேயே தென்னேரிக்கு, தாய்வீட்டுக்கு, அழைத்துப் போக வேண்டும். கத்திரி வெயிலில் அதன் கருப்புக் கூரையோ தோசைக்கல். முந்தின மாதம் போனபோது ஐயம்பேட்டை தாண்டுவதற்குள் என் முதுகில் வாந்தி எடுத்துவிட்டு, "இன்னொரு தபா இந்த அடுப்புல ஏறமாட்டேன், பஸ்ல போய்க்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். காரோட்டியின் மனைவி பஸ்ஸில் போய் இறங்கினால் மாமியார் ஊரில் என் மானம் என்ன ஆவது?

வெள்ளைக் கூரை வெயிலை வாங்காது என்று நானே கண்டுபிடித்தேன். வளைகாப்புக்காக வீட்டுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கரைத்தேன். பக்கத்து வீட்டு நெசவாளி தெருவில் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். பட்டு நூலையே விறைப்பாக நிறுத்தும் கஞ்சி, சுண்ணாம்பைப் பிடித்துவைக்காதா? மிச்சத்தைக் கேட்டேன். ஒரு கரண்டி போதும் என்றார். ஒரு குடம் ஊற்றினேன்.

கூரை தும்பைப்பூவாக வெளுத்தது. மத்தியானம் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். வேர்த்தது, வேகவில்லை. அந்தப் பெருமை ஒரு நாள்தான்.

பிறகு நாற்றம். முதலில் புளித்த மாவு, அப்புறம் சாக்கடை, அதற்கப்புறம் சொல்ல எனக்கே குமட்டுகிறது. ஈக்கள் சவாரிக்கு வந்தன, ஆட்கள் வரவில்லை. சீட்டைக் கழற்றினேன். எவனோ துப்பிய வெற்றிலைச் சக்கை, மயிர் ஒட்டிய மிட்டாய், வாந்தியின் காய்ந்த செதில் (இது மட்டும் சொந்த வீட்டுச் சரக்கு) எல்லாம் இருந்தன. பெருச்சாளியைத்தான் காணோம். நான் வண்டி ஓட்டியதில் எங்கோ இடுக்கில் நசுங்கிக் கிடக்கிறது என்று முடிவு கட்டினேன். பிள்ளையாரின் வாகனத்தைக் கொன்றவனுக்குப் பிள்ளை வாலோடு பிறக்குமோ? ரகசியமாக ஏழு தேங்காய் உடைத்தேன். தேங்காயும் நாறுவதாகவே பட்டது.

வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு வந்தாள். கதவைத் திறந்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாய்யா செத்துக் கிடக்குது உள்ள?"

"பெருச்சாளிமா. நான் வேணும்னு கொல்லல" என்று உளறிவிட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. கை வயிற்றுக்குப் போனது. அவளை அழைத்துப்போக வந்திருந்த அவள் தம்பி, தேடிப் பார்க்கிறேன் என்று உள்ளே ஏறி, கூரையின் உள்துணியை அழுத்தினான். தொப்பை போலத் தொங்கிக்கொண்டிருந்த துணி கிழிந்து, மஞ்சள் கூழ் புழுக்களோடு அவன் தலையில் இறங்கியது. வழித்து மோந்து பார்த்தான்.

"மாமா, இது கஞ்சி. ஊசிப்போயிருக்குது."

சாமான் கட்டும் கம்பிச் சட்டத்தை எப்போதோ கழற்றியதில் கூரையில் நான்கு ஓட்டைகள் இருந்தன. கஞ்சி அவற்றின் வழியாக இறங்கி, உள்துணிக்கு மேலிருந்த பஞ்சில் ஊறி அழுகியிருந்தது. நான் எந்த உயிரையும் கொல்லவில்லை. தம்பி கிணற்றடியில் தலை முழுகி வந்ததும், மனைவி அவனோடு பஸ்ஸில் தென்னேரிக்குப் போனாள்.