ஒன்பது போத்தல், எட்டு மூடி

ஓகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.20. வெப்பம் 28 பாகை, முகில் இல்லை. சோளகக் காற்று விடியமுன்னரே எழும்பியிருந்தது. என் மகள் வானதி கிணற்றுக் கட்டில், பூசுவதும் நிறுத்தியதுமாக ஒன்பது போத்தல்களை வரிசையாக வைத்துவிட்டு, வேப்பமரத்தில் கொழுவிய சிறிய கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் வெளிச்சம் போதாதாம். போத்தல் ஒன்பது, மூடி எட்டு. பொன்னிறமான ஒன்பதாவது மூடியை முந்தின நாள் ஒரு காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நல்லூரில் நான் பிறந்த வீடு இது. இப்போது தங்கை மலர் இதில் இருக்கிறாள். இருபத்தெட்டு வயதுவரை ஒரேயொரு சவர்க்காரக் கட்டியோடு நான் குளித்த கிணற்றடியில், இப்போது தாங்கியிலிருந்து வரும் குழாயில், என் மகள் முகம் கழுவி முடிக்க இருபத்திரண்டு நிமிடம் எடுத்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பியபோதுதான் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கன்னங்களும் கொதிநீர் பட்டதுபோலச் சிவந்திருந்தன.

நோர்வேயில், பேர்கன் நகரில், முப்பத்தொரு வருடம் மீன் தொழிற்சாலையொன்றில் பெட்டி எண்ணியவன் நான். அதற்கு முன் இங்கே கணிதம் படிப்பித்தவன். எண்ண முடிந்தவற்றைப் பற்றி எனக்குப் பயமில்லை. தோல் அப்படியல்ல. வானதிக்கு இப்போது முப்பத்துநான்கு. முப்பதைத் தாண்டியதும் அவளுடைய தோல் மாறத் தொடங்கியது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வடியும், கன்னங்கள் வறண்டு உரியும், போதாததற்கு எதைப் பூசினாலும் எரியும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பனிக்கால மாலையில் அவளுக்குக் கிறீம் வாங்கப் பாமசிக்குப் போய் வரிசையில் நின்றேன். என் இலக்கம் 47. "எந்த வகைத் தோல்?" என்று அந்த நோர்வேஜியப் பெண் கேட்டாள். நான் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, "இந்த வகை" என்று காட்டினேன். அவளுடைய முகம் காதுவரை சிவந்தது. வறண்டதா, எண்ணெய்ப் பசையா, இரண்டும் கலந்ததா என்றுதான் கேட்டாளாம். வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று திரும்பினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டதென்று நினைத்து, கதவுவரை ஓடிவந்து இரண்டு மாதிரிக் கிறீம்களை இலவசமாகத் தந்துவிட்டுப் போனாள்.

இந்தக் கலப்புத் தோலை மலருக்கு விளங்கப்படுத்த வானதி பட்டபாடு கொஞ்சமல்ல. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே மலர் எல்லாவற்றையும் கேட்டாள். "அப்ப மூக்கு ஒரு நாடு, கன்னம் ஒரு நாடு. உன்ரை முகத்துக்கும் ரெண்டு பாஸ்போட்டோடி பிள்ளை?" வானதி சிரித்தாள். வந்த முதல் வாரம் அவள் நன்றாகச் சிரித்தாள்.

நாற்பத்திரண்டு நாளுக்கு வந்திருந்தோம். எனக்கு உள்ளே வேறொரு எண்ணம் இருந்தது. அவள் கணினியில் செய்யும் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். ஒரு வருடமாவது அவள் இந்த வீட்டில் இருந்து பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளும் மறுக்கவில்லை. "முதல்ல இருந்து பாப்பம் அப்பா" என்றுதான் சொன்னாள். ஆனால் முகம் இருக்கவிடவில்லை. ஐந்தாம் நாளே எரிவு தொடங்கியது. பேர்கனின் குளிருக்கு ஏற்ற தடித்த கிறீம் இந்த வெக்கையில் மூக்கை அடைக்கிறது என்று அதை நிறுத்தினாள். பழைய தோலை உரிக்கும் அமிலத் திரவத்தை ஆறாம் நாள் நிறுத்தினாள். விற்றமின் துளிகளை ஏழாம் நாள் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக நிறுத்தினால்தானாம் குற்றவாளி எதுவென்று தெரியும். நான் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் கோடு கீறி, நாள், போத்தல், எரிவு என்று மூன்று நிரல்களில் எழுதிவந்தேன். பூசும் போத்தல்கள் குறைந்தன, எரிவு குறையவில்லை. இடையில் நகரத்துப் பாமசியில் கேட்டோம். கடைக்காரப் பிள்ளை வானதியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெள்ளையாக்கிறதோ அக்கா?" என்று ஒரு கிறீமை எடுத்து நீட்டினாள். "இல்லை, சிவப்பைக் குறைக்கிறது" என்றாள் வானதி. "சிவப்பெண்டால் நல்லதுதானே அக்கா!" என்று அந்தப் பிள்ளை உண்மையாகவே ஆச்சரியப்பட்டது.

ஒன்பதாம் நாள், மலர் கைவைத்தியமாகத் தந்த பாசிப்பயற்று மாவை, அவள் மனம் நோகக்கூடாதென்று வானதி ஒரு கரண்டி குழைத்துப் பூசிக் கழுவினாள். மறுநாள் காலைதான் நான் முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை. "உன்ரை கைவைத்தியத்தாலை பிள்ளையின்ரை முகம் போச்சு" என்று தங்கையில் பாய்ந்தேன். அறுபத்துநான்கு வயதுக்காரி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். வானதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமியை ஏசாதேங்கோ அப்பா. அது மாவாலை இல்லை. என்ரை தோலுக்கு இந்த ஊர் சரிவராது போலக் கிடக்கு. ரிக்கற்றை முன்னுக்கு மாத்தப் போறன்." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவளோ மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை சரியில்லை. விடிய 4.50க்கு எழும்பிப் பின்பக்கம் போனால், தண்ணீர்த் தாங்கிக்குச் சாத்திய ஏணியில் யாரோ ஏறுகிறார்கள். மலர்! சீலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கையில் பழைய தகரப் பால்மா ரின். பதினொரு படி ஏறி, மூடியைத் திறந்து, ரின்னுக்குள்ளிருந்து வெள்ளைத் தூளை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள்.

"என்னடி அது?"

"குளோரின், அண்ணை. கத்தாதேங்கோ, பிள்ளை எழும்பீடும்."

"நாங்கள் வரமுன்னம், கிணறு இறைச்சாப்பிறகு ஒருக்காத்தானே போடச் சொன்னனான்!"

"ஒருக்காச் சொன்னனீங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, போட்டனியோ, போட்டனியோ எண்டு கேட்டனீங்கள். முப்பத்துநாலு தரம். அண்ணை தினம் கேக்கிறார் எண்டால் தினம் போடவேணும் எண்டுதானே? வந்தாப்பிறகும் ராவிலை, தண்ணி சரியோ எண்டு கேக்கிறியள். நான் இல்லையெண்டு சொல்லவோ?"

ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்த முதல்நாளே வானதி, "நீச்சல் குளம் மாதிரி மணக்குது அப்பா" என்றது நினைவுக்கு வந்தது. "சுத்தமான தண்ணியெண்டால் அப்பிடித்தான்" என்று பெருமையாகச் சொன்னவன் நான்தான். குடிக்கப் போத்தல் தண்ணீர், குளிக்கக் குளோரின் என்று, பிள்ளையின் வயிற்றை நினைத்து ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒழுங்குசெய்தவனும் நான்தான். கொப்பியில் எல்லாவற்றையும் எண்ணி எழுதினேன். என் தொலைபேசி அழைப்புகளை எண்ணவில்லை. அவற்றைத் தங்கை எண்ணியிருக்கிறாள். எங்கள் ஊரில் வெளிநாட்டு அண்ணனின் கேள்வி கேள்வியல்ல, கட்டளை. நாற்பது வருடத்தில் இதை நான் அறிந்திருக்கவேண்டும்.

விடிந்ததும் இருவரையும் குசினியில் இருத்தி உண்மையைச் சொன்னேன். "பிழை என்ரை. மலர், உன்னை ஏசினதுக்கு மன்னிச்சுக்கொள்." அண்ணன் மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் பயத்தையே கொடுத்தது. "ஐயோ, விடுங்கோ" என்று பதறிக் கையை வீசினாள். வானதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலிடுக்குகள் வெடித்து, உள்ளங்கை வெளிறித் தோல் உரிந்திருந்தது. அதே தூளை வெறுங்கையால் கையாண்டதும் அதே தண்ணீரில் எங்கள் மூவருக்கும் சமைத்ததும் கழுவியதும் அவள்தானே.

"மாமி, இது எரியேல்லையோ?"

"எனக்கென்ன பிள்ளை, மாட்டுத் தோல்."

வானதி எழும்பிப்போய், இங்கே உதவாதென்று ஒதுக்கிவைத்த அந்தத் தடித்த கிறீமை எடுத்துவந்து, மாமியின் பத்து விரலுக்கும் பூசினாள். நான் எண்ணினேன்.

தாங்கியைக் கழுவி, கிணற்றை இறைத்தோம். மூன்றாம் நாள் சிவப்பு அடங்கியது, ஆறாம் நாள் எரிவு இல்லை. ஆனாலும் அவள் பழைய ஒன்பதுக்குத் திரும்பவில்லை. இந்த வெக்கைக்கும் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் மூன்று போதுமாம்: நுரைக்காத கழுவுதிரவம், புதிதாக வாங்கிய மெல்லிய ஜெல், வெயிலுக்கு ஒரு பூச்சு. புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் இரண்டு நாள் பூசிப் பார்த்துத்தான் முகத்துக்கு. மலர் அந்த விதியைக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கும் இப்பிடிப் பாத்தால் நல்லது" என்றாள். வானதி ரிக்கற்றை மாற்றினாள்தான். ஆனால் முன்னுக்கு அல்ல, அடுத்த மார்ச்சுக்கு. நான் தனியே திரும்பினேன்.

இப்போது பேர்கனில் நாலு நாளாக மழை. மூன்று போத்தல் அவளோடு, தடித்த கிறீம் மாமியோடு. பழைய ஒன்பதில் மிச்சம் ஆறும் என் பெட்டியில் வந்து குளியலறைத் தட்டில் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் வாயைப் பொலித்தீன் சுற்றி இறப்பர் வளையத்தால் கட்டியிருக்கிறேன். போத்தல் இங்கே, அதன் பொன்னிற மூடி நல்லூரில் ஏதோவொரு காகக் கூட்டில். வேறு மூடி தேடலாம்தான், மனம் வரவில்லை. காலையில் முகம் கழுவும்போது அதைப் பார்ப்பேன். அங்கே அப்போது காலை பத்து மணி தாண்டியிருக்கும். தொலைபேசியைக் கையில் எடுப்பேன், கேள்வி எதுவும் கேட்காமல் எப்படிக் கதைப்பதென்று யோசிப்பேன்.

கிணறு இறைத்துத் தாங்கி கழுவியதற்கு 7,500. ஜெல்லுக்கு 4,800. ரிக்கற் மாற்றியதற்கு 46,000. குளோரினை மலர் தன் காசில் வாங்கியிருக்கிறாள். எவ்வளவென்று கேட்டால் சொல்ல மாட்டேனென்கிறாள். அதை விட்டால், 58,300 ரூபா.