மலைப் பூவுக்கு மீன் தண்ணீர்

“பயிர் வைக்கிறவன் முதல்லை…” என்று பெரியப்பா ஒரு பழமொழி தொடங்குவார். மிச்சம் நினைவில்லை, எதையோ பொறுக்கவேண்டும் என்று முடியும். செடி விற்கிறவன் பொறுக்கவேண்டியது வாங்குகிறவர்களை என்று, கடைக் கவுன்ரருக்குப் பின்னால் ஒருநாளாவது நின்ற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தொண்ணூறுகளில், கனடாவில், ஸ்காபரோ நாற்றுக் கடையொன்றில் மலைப் புல்வெளிச் செடிகளின் மேசை என் பொறுப்பு. எடல்வைஸ், ஜென்ஷியன் என்று, மரமே முளைக்காத உயரத்தில், பனிக்கடியில் உறங்கிக் கோடையில் பூக்கிற சாதி. பட்டுப்போனால் மாற்றிக் கொடுப்போம். விற்பதைவிடத் திரும்பி வருவது கூடினால் மேசையும் இல்லை, நானும் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

படத்தில் ஆடு

மேசைக்கு மேலே ஒரு படம்: சரிவு நிறையப் பூ, நடுவில் வெள்ளை மலையாடு மேய்கிறது. மல்வேர்னில் இருந்து வந்த அண்ணை ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, ஆடு தின்னுதெண்டால் நாங்களும் தேங்காய்ப்பூப் போட்டு வறை வைக்கலாம்தானே?”

ரக்கூன்

உரமே வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வோபர்னில் இருந்து வந்த அன்ரி தலையாட்டிவிட்டுப் போய், முருங்கைக்கு ஊற்றுவதுபோல மீன் கழுவின தண்ணீரை ஜென்ஷியனுக்கு ஊற்றியிருக்கிறார். குப்பைவாளி கிண்டித் திரிகிற ரக்கூன் மணத்துக்கு வந்து வேரோடு கிளறிவிட்டது. வெறுஞ்சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“உம்மடை செடிக்கு நான் என்ன குறை வைச்சனான், சொல்லும் பாப்பம்!”

ஹீற்றர்

மாரிக் குளிரிலும் வெளியிலேயே விடுங்கோ, பனிதான் அதுக்குப் போர்வை என்பேன். எல்லாரும் கறிவேப்பிலையோடு சேர்த்து உள்ளே எடுத்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சித்திரையில் காய்ந்த சட்டிகள் வரிசையாக வந்தன. முதலாளி அவற்றை என் மேசையிலேயே அடுக்கச் சொன்னார். சட்டி கொண்டுவந்த அங்கிள் ஒருவர் என்னில் பாய்ந்தார்.

“நாங்களே நடுங்கிறம். வாயில்லாச் சீவனை வெளியிலை விடச் சொல்லுறீர், மனச்சாட்சி இல்லையோ?”

பூத்தது

ஆனியில் ஒன்று உயிரோடு வந்தது. மாரி முழுக்கப் பல்கனியில் மறந்துபோய் விட்ட எடல்வைஸ், வெள்ளையாய்ப் பூத்திருந்தது. மேசை தப்பியது என்று முதலாளியை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். கொண்டுவந்த ராணி அக்கா அதை மாற்றி மிளகாய்க் கன்று தரச் சொன்னார். என்ன சொல்கிறார் என்று தமிழ் தெரியாத முதலாளி என்னைக் கேட்டார். அதற்குள் அக்காவே தொடர்ந்தார்.

“நான் பாக்காமலே வளருறதை வீட்டிலை வைச்சு நான் என்ன செய்யிறது?”

அன்று பின்னேரமே மலைச் செடிகளை இறக்கிவிட்டு, மேசை முழுக்க மிளகாய்க் கன்று அடுக்கினேன்.