சத்தமாகப் படித்த பிள்ளைகள்

தீவில், எங்கள் நாரந்தனை வீட்டில் படிப்பு என்றால் சத்தம். பொழுதுபட்டதும் முகம் கழுவி, விபூதி பூசி, விறாந்தையில் இருந்து உரத்துப் படிக்க வேண்டும். அம்மா குசினியில் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பார். குரல் கொஞ்சம் தணிந்தாலும் அங்கிருந்து அதட்டல் வரும். தம்பி தங்கைகளைப் பார்க்கவென்று இரண்டாம் வகுப்போடு வீட்டில் மறித்து வைக்கப்பட்டவர் அவர். எழுத்துத் தெரியாது. என்னைக் காதால்தான் படிப்பித்தார்.

எனக்கோ புத்தகத்தில் எழுத்துகள் கலங்கலாகத்தான் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வகுப்பில் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுப் பாடமாக்கி வந்து, வீடு அதிர ஒப்புவிப்பேன். "என்ர பிள்ளைக்குப் படிப்பெண்டால் தண்ணிபட்ட பாடு" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பத்தாம் வகுப்பில்தான் கண்ணாடி வந்தது. வலக்கண்ணுக்கு அது உதவவில்லை. சின்ன வயதில் கவனித்திருந்தால் திருத்தியிருக்கலாம் என்றார் டொக்டர். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது என் மகள் முதலாம் வகுப்பு. போன மாதம் ஒரு பின்னேரம் அவள் படிக்கும்போது பக்கத்தில் இருந்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு போனேன்.

"விடு பிள்ளை, அவள் நல்லாத்தானே படிக்கிறாள்" என்றார் அம்மா, குசினியிலிருந்து.

நன்றாகத்தான் படித்தாள். இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, நடுவில் விடுபட்ட பக்கங்களையும் ஒரு பிழையில்லாமல் படித்தாள். என்னைப் போலவே பாடமாக்கி வைத்திருக்கிறாள்!

மறுநாளே யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினோம். அம்மாவும் வந்தார். மகளின் கண்களைப் பரிசோதித்த டொக்டர், "நல்ல நேரத்தில கொண்டுவந்திட்டீர். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் மூடிவிட்டால் மற்றக் கண்ணும் பழகிடும்" என்றார்.

திரும்பும் வழியில் பஸ் அல்லைப்பிட்டி தாண்டியதும் அம்மா கேட்டார்: "உனக்கும் கண்ணில இதே வருத்தம்தானே? அப்பவே கொண்டு போயிருந்தா சரிவந்திருக்குமோ?"

"அந்த நேரம் தீவில ஆர் கண் பாத்தது? விடுங்கோ அம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். "எண்டாலும் எனக்கு எழுத்துத் தெரிஞ்சிருந்தா, நான் குசினிக்குள்ள நிண்டிருக்க மாட்டன். உனக்குப் பக்கத்தில இருந்திருப்பன்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அம்மாமேல் இல்லை, அவரைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் மறித்தவர்கள்மேல். போய்க் கேட்பதற்கு அவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை.