போடியார் தண்ணீர் கட்டிய பந்தயத்தரை

ஐம்பதுகளில் கல்முனைக் கரையில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சிலர். அதைப் பந்தயத்தில் ஓட்டியவன், நான் அறிந்தவரை, நான் ஒருவன்தான். பெருமைக்காக இதை எழுதவில்லை. என்னைக் குறித்து ஊரில் உலவும் கதைகளுட் பல பிழையானவை.

கொழும்பில் கல்லூரியிற் படித்த காலத்தில், மலைநாட்டுத் தோட்டத்துரைமார் நடத்திய புல்தரைப் பந்தயங்களில் ஓடப் பழகினேன். தரை நீள்வட்டமானது, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல், இடது காலை நிலத்தில் உரசவிட்டு, வண்டியின் பின்சில்லை வழுக்கவிட வேண்டும். அந்த வழுக்கலை அறிந்த உடம்பு அதன்பின் ஓரிடத்தில் இருக்க மறுத்துவிடுகிறது. ஊருக்குத் திரும்பி ஆசிரியப் பணி ஏற்ற பிறகும், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே என் இடது குதிகால் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

அக்காலத்தில் நிந்தவூரில் பெருவயற்காரரான ஒரு போடியாரின் மகளை எனக்குப் பேசி முடித்தார்கள். எங்கள் வழக்கப்படி மணமுடித்த மாப்பிள்ளை பெண்வீட்டிலேயே குடியிருப்பான். ஆகவே என் மோட்டார் சைக்கிள் அந்த வளவுக்குள் வருமா வராதா என்பது போடியாரின் கையில் இருந்தது. என் வாப்பாவின் முன்னிலையிலேயே அவர் நிபந்தனை விதித்தார்.

“மாப்பிள்ள, என்ட அறுத்த வயலுல உங்கட ஓட்டத்த வைங்க. நான் வந்து பாக்கன். சனத்துக்கு முன்னால விழுந்தீங்க எண்டா, அந்தச் சாமான் என்ட வளவுக்குள்ள வரப்படாது. விழாட்டி நான் ஒண்டும் கதைக்க மாட்டன்.”

நான் ஒப்புக்கொண்டேன். வயலில் ஓடுபாதையைக் குறித்து, கொடிகளை நாட்டிவிட்டுப் பாடசாலைக்குத் திரும்பினேன். மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் சில ஓட்டக்காரர்கள் வர இசைந்தார்கள்.

பந்தயநாட் காலையில் போய்ப் பார்த்தபோது வயல் பளபளத்தது. வாய்க்கால் மடை திறந்திருந்தது. போடியார் வெள்ளைச் சாரனும் துருக்கித் தொப்பியுமாக வரம்பில் நின்று என்னை மகிழ்ச்சியோடு வரவேற்றார்.

“புல்லோட்டம் எண்டீங்க. புல்லு காஞ்சு கிடந்தா வெளியூராக்கள் நம்மள என்ன நினைப்பாங்க? ஒரு கிழமையாத் தண்ணி கட்டினன் மகன். பாருங்க, எப்பிடிப் பச்சையாக் கிடக்கு!”

அவருக்குத் தெரிந்த உபசாரம் அது. அந்தப் பச்சையின் கீழே சேறு கணுக்கால் வரை இறங்கியது.

மட்டக்களப்பு ஓட்டக்காரர் சேற்றிலிருந்து சப்பாத்தைப் பிடுங்கியபடி கத்தினார்: “ஆருடாப்பா இந்த மடையத் திறந்த?”

திறந்தவர் என் மாமனாராகப் போகிறவர். ஓட்டத்தை ஒத்திவைத்தால் காரணம் கேட்பார்கள்.

“ஓடுவம்,” என்றேன்.

முதல் திருப்பத்திலேயே இருவர் விழுந்தார்கள். வரம்போரம் மண் சற்று இறுகியிருக்கும் என்று அறிந்திருந்தமையால், நான் அந்த ஓரத்தைப் பிடித்து, இரு கால்களையும் ஊன்றி ஊன்றி மெதுவாகச் சுற்றினேன். மருதமுனை நெசவாளரும் சாய்ந்தமருது மீனவரும் வரம்பெங்கும் நின்றிருந்தார்கள். களத்தில் நெற்கதிரைச் சுற்றிச் சுற்றிச் சூடு மிதிக்கும் எருமைகளை அவர்களுள் அறியாதவர் இல்லை.

“டேய், மாஸ்டர் சூடு மிதிக்கார்டா!”

“எருமையக் கட்டினா இதவிடக் கெதியாச் சுத்தும், சேர்!”

என் வலது மணிக்கட்டு துடித்தது. ஒரு முறுக்கு முறுக்கினால் போதும், அந்தச் சிரிப்பு அடங்கியிருக்கும். ஆனால் விழுந்தால் இதுவே கடைசி ஓட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி முடித்தேன். இரண்டு முறை விழுந்தெழுந்த மட்டக்களப்பார், தலைமுதல் கால்வரை சேறாக, முதலாவதாக வந்தார். விழாத நான் கடைசியாக வந்தேன்.

போடியார் என் தோளைத் தட்டினார். “விழல்ல. என்ட சொல்லு சொல்லுதான். சாமானக் கொண்டு வாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா மாப்பிள்ள, விழுந்த ஆள்தானே நல்லா ஓடின மாதிரிக் கிடக்கு?”

மணநாளில் மாலையோடு அமர்ந்திருந்தபோதும் அந்தக் கேள்வி என் குதிகாலில் அரித்துக்கொண்டிருந்தது.

மணமான சில நாட்களில் மலைநாட்டில் பந்தயம் என்று தகவல் வந்தது. விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் வளவில் மோட்டார் சைக்கிளை உதைத்து முடுக்கினேன். மாமனார் வெளியே வந்தார்.

“எங்க மாப்பிள்ள, விடியச்சாமத்துல?”

“விழுறதுக்கு, மாமா.”

அவர் ஒன்றும் கதைக்கவில்லை. போய் வளவு வாசற்படலையைத் திறந்துவிட்டார்.